செம்பும் நிக்கலும்: சுடலைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுடலை,

உன் மெயிலும் அதோடு நீ அனுப்பிய வரைபடங்களும் கிடைத்தன. முதலில் அதைப் பேசிவிடுகிறேன், வீட்டுக் கதை அப்புறம். உன் மாணவி பாவம், சிலிக்கான் துண்டின் மேல் செம்பும் நிக்கலும் மாற்றி மாற்றிப் பத்து ஜோடி அடுக்கியிருக்கிறாள், ஒவ்வொன்றும் 2.5 நானோமீட்டர். எக்ஸ்ஆர்ஆர் (எக்ஸ்-கதிரை மிகச் சாய்வாக விட்டு, திரும்பி வரும் செறிவைக் கோணத்துக்குக் கோணம் அளப்பது) எடுத்துப் பார்த்தால் அடுக்குக்கான பெரிய பீக், அதாவது வரைபடத்தில் எழும் முகடு, வரவே இல்லை. பார்க்க வந்த பெரியவர் ஒருவர் "ரெண்டும் கலந்துபோச்சும்மா, இது வெறும் அலாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, செம்பும் நிக்கலும் எந்த விகிதத்திலும் ஒன்றுக்குள் ஒன்று கரையும், படலம் பூசுகிற ஸ்பட்டரிங்கில் சூடு ஏறினால் கலக்கத்தான் செய்யும். ஆனால் இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. அவளை அழ வேண்டாம் என்று சொல்.

அவள் டேட்டாவை நான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். அளவீடு சுத்தமாகத்தான் இருக்கிறது. எக்ஸ்-கதிருக்கு எந்தப் பொருளின் ஒளிவிலகல் எண்ணும் ஒன்றைவிட ஒரு துளி குறைவு, லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதனால் மிகச் சாய்வாக விட்டால் கதிர் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே முழுதாகத் திரும்பிவிடும், இதை இயற்பியலாளர் காம்ப்டன் 1920களிலேயே காட்டிவிட்டார். இந்த இரண்டு உலோகங்களுக்கும் அந்த மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 0.4 டிகிரி. அவள் வரைபடத்திலும் சமதளம் முடிந்து கோடு சரிகிற இடம் அதேதான். அதைத் தாண்டினால் கதிர் படலத்துக்குள் நுழைகிறது, மேல் முகத்தில் திரும்பியதும் அடியில் சிலிக்கானில் பட்டுத் திரும்பியதும் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் சின்னச் சின்ன அலைகளாகத் தெரிகின்றன. கீசிக் என்பவர் 1931-இல் கண்ணாடி மேல் பூசிய நிக்கல் படலத்தில் பார்த்தது இதுதான். அவளுடைய வரைபடத்தில் இரண்டு அலைகளுக்கு நடுவே, டிடெக்டர் கோணத்தில், 0.18 டிகிரி. அதை ரேடியனாக்கி, எக்ஸ்-கதிர் தரும் காப்பர் டியூபின் அலைநீளம் 0.154 நானோமீட்டரை வகுத்தால் 50 நானோமீட்டர் வருகிறது. பத்து ஜோடி, ஜோடிக்கு 5. கணக்கு இடிக்கவில்லை.

அப்படியென்றால் 5 நானோமீட்டர் அடுக்குக்கு 2 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டிய பீக் எங்கே போனது? போகவில்லை, வருவதற்கு வழியே கிடையாது. எக்ஸ்ஆர்ஆர் பார்ப்பது எலக்ட்ரான் அடர்த்தி ஒன்றைத்தான். அது படிகமா, படிகமில்லாததா, என்ன தனிமம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. செம்பு அணுவில் 29 எலக்ட்ரான், நிக்கலில் 28. நிக்கல் அணுக்கள் கொஞ்சம் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் உண்மையில் நிக்கல்தான் ஒரு படி அடர்த்தி. இதோடு விட்டிருந்தால்கூட லேசாக ஏதாவது தெரிந்திருக்கும். ஆனால் அவள் பயன்படுத்திய கதிரின் ஆற்றல் 8.05 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்), நிக்கலின் கே எட்ஜ், அதாவது அணுவின் உள் எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றல், 8.33-இல் இருக்கிறது. எட்ஜுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தால் அணுவின் உள் எலக்ட்ரான்கள் முழுதாகச் சிதறலில் சேராது, நிக்கலுக்கு மூன்று எலக்ட்ரான் போலக் குறைந்துவிடும், செம்புக்கு இரண்டு போல. கழித்துப் பார், இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வெள்ளை வேட்டிக்கு வெள்ளை நூலில் கரை போட்ட மாதிரி, கரை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. (இதே நெருக்கத்தால்தானே நம் பழைய மெஷினில் காப்பர் டியூபிலிருந்து வேண்டாமல் வரும் பீட்டா கோட்டை வெட்ட நிக்கல் ஃபாயிலைச் செருகுகிறோம்! அந்தக் கோடு 8.9 கேஇவி, எட்ஜுக்கு மேலே இருப்பதால் நிக்கல் அதை விழுங்கிவிடுகிறது, நமக்கு வேண்டிய 8.05 ஆல்ஃபாவை விட்டுவிடுகிறது. தினமும் அந்த ஃபாயிலைத் தொடுகிற நாமே செம்பு-நிக்கல் படலத்தை காப்பர் டியூபில் வைத்துவிட்டு பீக்கைத் தேடுகிறோம்.)

எனக்கு உறுத்தியது பீக் இல்லாதது அல்ல, அவள் இணைத்திருந்த ஃபிட், அதாவது ஒரு மாதிரியைக் கணக்கிட்டு டேட்டாவோடு பொருத்திய கோடு. செம்பு 2.5, நிக்கல் 2.5, இடைமுகக் கரடு (அடுக்குகள் சந்திக்கும் முகத்தின் சொரசொரப்பு) 0.3 என்று போட்டு, டேட்டா மேல் கோடு அப்படியே ஒட்டிக்கொண்டு போகிறது. பார்க்க அழகாக இருக்கிறது, ஆய்வறிக்கையில் போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் அதே டேட்டாவை ஜென்எக்ஸ் மென்பொருளில் ஏற்றி, செம்பை 1.7 ஆக்கி நிக்கலை 3.3 ஆக்கினேன். அதே அளவுக்குப் பொருந்தியது. இருபது அடுக்கையும் எடுத்துவிட்டு 50 நானோமீட்டரில் ஒரே அலாய் என்று வைத்தேன், அதுவும் பொருந்தியது, கண்ணால் பார்த்தால் வித்தியாசமே இல்லை. அந்தப் பெரியவர் கலந்துவிட்டது என்றார், இவள் கலக்கவில்லை என்கிறாள், இந்த அளவீடு இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறது. மொத்தத் தடிமன், மேல் முகத்தின் கரடு, சராசரி அடர்த்தி, இந்த மூன்றை மட்டும் அவள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். உள்ளே எது எவ்வளவு என்பதைப் பற்றி டேட்டா வாயே திறக்கவில்லை, மென்பொருள்தான் நாம் கொடுத்த எண்களை நமக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறது.

கான்ட்ராஸ்ட், அதாவது அடுக்குகளுக்குள் அடர்த்தி வித்தியாசம், நன்றாக இருக்கும் படலத்துக்குக்கூட இந்தத் தொல்லை முழுதாகப் போகாது, சுடலை. டிடெக்டர் எண்ணுவது செறிவை மட்டும், கதிரின் கட்டம் (அலை எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பது) அங்கேயே தொலைந்துவிடுகிறது. அதனால் வரைபடத்திலிருந்து நேராக அடுக்குக்குப் போகிற பாதை இல்லை, அடுக்கை ஊகித்து, பாரட் என்பவர் 1954-இல் சொன்ன மாதிரி அடியிலிருந்து ஒவ்வொரு இடைமுகமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு மேலே வந்து, டேட்டாவோடு ஒப்பிடத்தான் முடியும். அதே 1954-இல்தான் இங்கே கிண்டியில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் புரதத்துக்கு மும்மைச் சுருள் என்றார்கள். பக்கத்து தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் நாணை வைத்து எடுத்த மங்கலான எக்ஸ்-கதிர்ப் படம்தான் கையில் இருந்தது, அதிலிருந்து நேராக அமைப்பை எடுக்க வழியில்லை, மாதிரியைக் கட்டித்தான் ஒப்பிட்டார்கள். அடுத்த வருடமே அலெக்ஸாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் வந்து, சுருள் சரி, ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டு அல்ல ஒன்று என்று வழக்காடினார்கள். படம் ஒன்றே, மாதிரி இரண்டு. அந்தக் கட்டடத்தைத் தாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும், சரி, அதை விடு.

அவள் இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது: அதே துண்டை, அதே மெஷினில், பெரிய கோணத்தில் வைத்து நிதானமாக ஒரு எக்ஸ்ஆர்டி (அணுத் தளங்களின் இடைவெளியைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்) எடுக்கட்டும், 38 டிகிரியிலிருந்து 50 வரை போதும். எலக்ட்ரான் அடர்த்தி ஒன்றாக இருந்தாலும் அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றல்ல, செம்பின் அணிக்கோவை மாறிலி (படிகத்தில் அணு அமைப்பு திரும்ப வரும் இடைவெளி) 3.615 ஆங்ஸ்ட்ராம், நிக்கல் 3.524, இரண்டரை சதவீத வித்தியாசம். தனியாக இருந்தால் செம்பின் 111 பீக் (111 என்பது படிகத்தில் ஒரு வகை அணுத் தளங்களின் பெயர்) 43.3 டிகிரியில் வரும், நிக்கலுடையது 44.5-இல். ஒழுங்காக அடுக்கியிருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு பீக்கும், அதற்கு இரண்டு பக்கமும் 1.9 டிகிரி தள்ளிச் சின்னதாகத் துணைப் பீக்குகளும் வரும். 5 நானோமீட்டர் இடைவெளிக்கு அந்த 1.9-தான் கணக்கு. கலந்துபோயிருந்தால் துணைப் பீக் வராது, நடுவில் ஒன்று மட்டும் நிற்கும். ஒரே எச்சரிக்கை, படலத்தில் 111 தளங்கள் மேல்நோக்கி அடுக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணைப் பீக் இரைச்சலில் மறைந்துபோகும், அப்போது இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

அதற்கு மேலும் வேண்டும் என்றால் இந்தூருக்கு விண்ணப்பம் போடச் சொல். அங்கே எலக்ட்ரான்களைச் சுழலவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் ஆற்றலை நாமே தேர்ந்துகொள்ளலாம், சரியாக நிக்கல் எட்ஜில் கொண்டுபோய் வைத்தால் நிக்கல் இன்னும் சில எலக்ட்ரான்களை இழந்ததுபோல் நடந்துகொள்ளும், செம்பு அப்படியே இருக்கும், இங்கே தெரியாத பீக் அங்கே எழுந்துவிடும். இல்லையா, மும்பை ட்ராம்பேயில் துருவா அணு உலையில் நியூட்ரான் ரிஃப்ளெக்டோமீட்டர் (இதே அளவீட்டை நியூட்ரானால் செய்யும் கருவி) இருக்கிறது. நியூட்ரானுக்கு எலக்ட்ரான் கணக்கே வேண்டாம், அது உட்கருவைப் பார்க்கிறது, செம்பும் நிக்கலும் அதற்கு நன்றாகவே வேறு வேறு, நிக்கலின் காந்தத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். ஆனால் அதற்குப் பெரிய சாம்பிள் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

கலப்பது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. டூமண்ட், யூட்ஸ் என்ற இருவர் 1930களில் தங்கத்தையும் செம்பையும் மாற்றி மாற்றி ஆவியாக்கிப் படிய வைத்தார்கள், பீக் அருமையாக வந்தது, அப்புறம் அறையில் சும்மா வைத்திருந்ததிலேயே நாளுக்கு நாள் மங்கியது. உள்ளுக்குள் பரவுகிறது! தோல்வி என்று தூக்கிப் போடாமல், மங்குகிற வேகத்தை வைத்துப் பரவல் குணகத்தை எடுத்து 1940-இல் எழுதினார்கள். உன் மாணவிக்குத் துணைப் பீக் கிடைத்துவிட்டால் இதே வேலையைச் செய்யலாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி அது எப்போது தேய்கிறது என்று பார்க்கட்டும். அவளுக்கு இன்னொரு அத்தியாயம் கிடைக்கும், பெரியவருக்கும் பதில் கிடைக்கும்.

இங்கே சென்னையில் எங்கள் பிரச்சினையே ஈரம்தான். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பெரோவ்ஸ்கைட் (ஈரம் பட்டால் சிதைகிற ஒரு படிகப் பொருள்) படலம் செய்கிறான், ஈரம் புகாத கிளவ் பாக்ஸிலிருந்து எடுக்கும்போது காப்பிக்கொட்டை நிறத்தில் பளபளவென்று இருக்கும். மதியம் மெஷின் காலியாகும்வரை வெளியே வைத்திருந்தான், ஐப்பசி மாதக் காற்று வேறு. ஏற்றும்போதே ஓரம் மஞ்சளடித்திருந்தது. எக்ஸ்ஆர்டியில் 14.1 டிகிரியில் இருக்க வேண்டிய அதன் பீக் குட்டையாகி, 12.7-இல் அது சிதைந்து வரும் லெட் அயோடைடு தலைகாட்டியது. ஸ்கேன் முடிவதற்குள் லெட் அயோடைடு பீக்தான் உயரம். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது ஒரு மூடி போட்ட ஸ்டேஜ் கேட்டு எழுதியிருக்கிறோம், வாங்கித் தருவார்களா பார்ப்போம். மெயில் எழுதுகிற இந்த நேரத்தில் மெஷினைக் குளிர்விக்கும் சில்லர் வேறு கத்திக்கொண்டிருக்கிறது.

வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், சனிக்கிழமை வந்து ஞாயிறு போகிறாள், அலுத்துக்கொள்கிறாள். மெட்ரோவுக்குத் தோண்டியதில் தரமணிப் பக்கம் போகிற நேரம் இரட்டிப்பாகிவிட்டது. முழங்கால் வலி அப்படியே. தங்கச்சியின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் முழுக்க எக்ஸ்-ரே எழுதியிருக்கிறாய், நானும் அதேதான் செய்திருக்கிறேன்.

அவளுக்கு எங்கள் மெஷினில் நேரம் வாங்கித் தருகிறேன், பொங்கலுக்குப் பிறகு அனுப்பி வை. வரும்போது துண்டைப் பெரிதாகக் கொண்டுவரச் சொல். நீ அனுப்பிய படத்தில் பார்த்தது ஒரு சென்டிமீட்டர் துண்டு, 0.3 டிகிரியில் 0.1 மில்லிமீட்டர் கதிர் படுகிற நீளமே 19 மில்லிமீட்டர், பாதிக் கதிர் சாம்பிளைத் தாண்டிப் போய்விடும், ஆரம்பத்துச் சமதளம் சமமாக இல்லாமல் ஏறிக்கொண்டு போவது அதனால்தான். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்ட வேண்டாம், மெல்லிய சிலிக்கான் வளைந்தால் அலைகள் எல்லாம் மழுங்கும். சாம்பிள் நம்பரைப் பின்பக்கம் எழுதட்டும். தங்குவதற்கு ஹாஸ்டலில் பேசிவிட்டேன், அடையாள அட்டை மட்டும் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
ராமு