மரத்தடியில் நடக்க ஒரு பயிற்சியாளரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'மரத்தடியில் நடப்பதற்குக்கூட ஒரு லைஃப் கோச், அதற்கொரு கட்டணம் வேறு' என்று, வாழ்க்கை முடிவுகளில் தெளிவுபெற உதவும் இந்தப் பயிற்சியாளர்களைப் பற்றி இந்தப் பகுதியில் ஒரு வாசகர் கிண்டலாக எழுதியிருந்தார். பாதி நியாயம்தான். போன வருஷம் வரைக்கும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வேலையை விடுவதா வேண்டாமா என்று எட்டு மாதமாக மனதுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்த நேரம். முதலில் நான் போய்ப் பார்த்த பயிற்சியாளர் ஏசி அறையில் எதிரே உட்கார்ந்து, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார். இண்டர்வியூவில் சொல்கிற மாதிரி அழகாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வந்தேன், அதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. அடுத்துப் பார்த்த பயிற்சியாளருக்கு அறையே கிடையாது, ஏரிக்கரைக்கு வாருங்கள் என்றார். போனை அணைத்துவிட்டு ஒரு மரத்தடியில் இருபது நிமிடம் சும்மா உட்காரச் சொன்னார். முதல் பத்து நிமிடம் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் பார்த்தால், நாலைந்து எறும்புகள் ஒரு தட்டான் சிறகை மரப்பட்டை மேல் இழுத்துப் போகின்றன. ஒரு வெடிப்பில் சிறகு சிக்கியது, ஆளுக்கொரு பக்கம் இழுத்தன, ஒன்று பிடியை விட்டதும் சிறகு தானாகத் திரும்பி வெடிப்பைத் தாண்டிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க வேலை நினைப்பே வரவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அதன்பின் நடந்தோம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு நின்றாலும் சங்கடமாக இல்லை. அப்படி ஒரு மௌனத்துக்குப் பிறகுதான், வேலையை விடுவதில் எனக்கு ஒன்றும் பயமில்லை, அப்பாவிடம் சொல்லத்தான் பயம் என்பது என் வாயிலிருந்தே வந்தது. (வேலையை இன்னும் விடவில்லை, அது தனிக்கதை.)

இது என் ஒருவன் அனுபவம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2008-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே ஆட்களை ஒரு நாள் மரங்கள் அடர்ந்த பூங்காவிலும் இன்னொரு நாள் நகரத் தெருவிலும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நடக்கவிட்டு, எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லும் சோதனை வைத்தார்கள். பூங்கா நடைக்குப் பிறகுதான் தெளிவான முன்னேற்றம். குளிர்காலத்தில் நடந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. 2015-ல் ஸ்டான்ஃபோர்டில் 90 நிமிட நடையை வைத்துச் செய்த ஆய்வு என் கதைக்கு இன்னும் நெருக்கம்: இயற்கைச் சூழலில் நடந்தவர்களுக்கு, ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் குறைந்திருந்தது, பரபரப்பான சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை.

சரி, அப்படியானால் தனியாகவே நடக்கலாமே என்று அந்த வாசகர் கேட்பார். நடக்கலாம், நானும் நடந்து பார்த்திருக்கிறேன், காதில் இயர்போனோடு. மரம் கேள்வி கேட்காது. 'இதைச் சொல்லும்போது மட்டும் ஏன் நடை வேகமாகிறது?' என்று ஒருமுறை அந்த ஏரிக்கரைப் பயிற்சியாளர் கேட்டார் பாருங்கள், அதற்குத்தான் ஆள் வேண்டும்.

அதற்காக எல்லோரும் ஓடிப்போய்க் காசைக் கொட்ட வேண்டாம். லைஃப் கோச் என்று பலகை மாட்டப் பெரும்பாலான நாடுகளில் எந்த உரிமமும் தேவையில்லை, எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை என்றால் போக வேண்டியது மனநல மருத்துவரிடம். அப்படிப்பட்டவரை மருத்துவரிடம் அனுப்பாமல் காட்டுக்குக் கூட்டிப்போகிறவர் நல்ல பயிற்சியாளரே இல்லை.

நான்காவது மாதம் என் பயிற்சியாளரே, இனி நான் தேவைப்படமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த மரத்தடிக்கு இன்னமும் போய்க்கொண்டிருக்கிறேன், காசில்லாமல்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்