பண்ணவாடிச் சேறும் உன் ஏரிப் பனியும்

சேலம்,
தை மாதம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். தொலைபேசியில் பேசாமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் பேசும்போதெல்லாம் உன் அம்மா பக்கத்திலேயே இருப்பாள், இதை அவள் கேட்பதில் எனக்கு விருப்பம் இல்லை.

நீ அனுப்பிய படத்தைப் பொங்கலுக்கு வந்த எல்லோருக்கும் அம்மா காட்டிவிட்டாள். ஸ்வீடனின் மேலாரென் ஏரியின் உறைந்த பரப்பில் நீயும் உன் தோழியும் ஆளுக்கொரு முக்காலியில், பிடித்த மீனோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த உன் பெரியம்மா, "ஏரிக்கு மேலேயா உட்கார்ந்திருக்கிறாள்?" என்று மூன்று முறை கேட்டார். நான் பார்த்தது வேறு. உன் வலது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்த மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றும்போது கிழித்திருக்கும். அங்கே யெத்தா என்று அழைக்கும் அந்தப் பைக் மீனின் பற்கள் உட்புறமாகச் சாய்ந்தவை, சாதாரணத் தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டுகிறார்கள் என்று நீதான் சொன்னாய். நரம்புக்குக் கம்பி கட்டத் தெரிந்தவளுக்கு விரலைக் காக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை குறடு எடுத்துச் செல்.

"நம் ஊர் விரால் மாதிரியே இருக்கிறது அப்பா" என்றாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விராலுக்கு முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வால்வரை நீண்டு செல்லும். உன் மீனுக்கோ அது வாலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது. அசையாமல் கிடந்து அம்புபோல் ஒரே பாய்ச்சலில் இரையைப் பிடிப்பதற்கு அதுதான் வசதி. ஆனால் புதருக்குள் பதுங்கியிருப்பதிலும், வாய் கொள்ளாததை விழுங்கப் பார்ப்பதிலும் இரண்டும் ஒரே குணம்தான்.

உன் படம் வருவதற்குப் பத்து நாள் முன்பு, மார்கழிக் கடைசியில், நானும் கொளத்தூர் மாமாவும் விரால் பிடிக்க, மேட்டூர் அணையின் நீர்த்தேக்கக் கரையிலுள்ள பண்ணவாடிக்குப் போயிருந்தோம். சேலத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, ஓமலூர், மேச்சேரி கடந்து மேட்டூரில் இறங்கியபோது இன்னும் இருட்டாகவே இருந்தது. காதை மூடிய குல்லாயும், அதன் மேல் துண்டும், உன் பழைய கல்லூரி ஸ்வெட்டரும் அணிந்திருந்தேன். நீ பூச்சியத்துக்குக் கீழே இருந்துகொண்டு சிரிப்பாய். சேலத்துக்காரனுக்கு அதுவே பெருங்குளிர். அங்கிருந்து மாமாவின் மொபெட்டில், இரண்டு தூண்டில்களையும் நான் ஈட்டிபோல் பிடித்துக்கொண்டு, கொளத்தூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

சிறு வயதில் அங்கிருந்து அக்கரை நாகமரைக்குப் பரிசலில் அழைத்துப் போனபோது நந்தி எங்கே என்று நீ அழுதது நினைவிருக்கிறதா? 1934இல் அணை கட்டி முடித்தபோது நீரில் மூழ்கிய ஊர்களில் மிஞ்சியவை ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும். நீர் நன்றாக வற்றினால்தான் அவை தலை காட்டும். இம்முறையும் காட்டவில்லை. ஆனாலும் நீர் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. 120 அடி நீர்மட்டம் கொண்ட அணையிலிருந்து ஜூன் 12 தொடங்கி ஜனவரி 28 வரை டெல்டாப் பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கம் என்பதால், மார்கழியில் நீர் நாளுக்கு நாள் பின்வாங்கி, கரைக்கும் நீருக்கும் நடுவே அகலமான சேற்றுப் பட்டை ஒன்றை விட்டுச் செல்லும். இந்த விவரம் உனக்கு எதற்கு என்று பிறகு தெரியும்.

விடியும் முன்பே தூண்டில் போட வேண்டும் என்று நான் துடித்தேன். மாமா கேட்கவில்லை. "வாத்தியாரே, குளிருல அதுக்கும் சோம்பல்தான். வெயில் ஏறட்டும்" என்று சொல்லிவிட்டு, பரிசல்துறையில் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். குளிரில் மீனின் உடல் இயக்கம் தணிந்துவிடும், ஓடித் துரத்தாது, ஆகவே இரையை மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும் என்று உன் தோழி உனக்குச் சொல்லித் தந்ததாகச் சொன்னாயே, அதையேதான் படிக்காத இந்த மனிதர் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து சொன்னார். இங்கே செத்த மீனைக் கோத்துப் போட்டால் விரால் எளிதில் வராது என்பது மட்டும்தான் வேறுபாடு. அதற்கு அசைவு வேண்டும். நீ அனுப்பிய ரப்பர் தவளை அதற்காகத்தான் பையில் இருந்தது.

ஒன்பதரை மணி இருக்கும். ஓர வெயில் பட்ட ஆழமில்லாத இடத்தில், கருவேலங்குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தில், 'ப்ளுக்' என்று ஒரு சின்ன ஓசை. நீரில் ஒரு வளையம், நடுவில் இரண்டு குமிழி. விரால் காற்றைக் குடித்துவிட்டு இறங்கியிருந்தது. செவுள் இருந்தும் அதற்கு அது போதாது. தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு, அவ்வப்போது மேலே வந்தே ஆக வேண்டும், வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். உன் ஏரியில் விரால் இருந்திருந்தால் பனி மூடிய முதல் நாளே அதன் வம்சம் முடிந்திருக்கும். அந்த வளையத்துக்கு இரண்டு முழம் தள்ளித் தவளையை விழவிட்டு, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தேன். நீர் வெடித்தது. நான் உடனே சுண்டினேன். தவளை மட்டும் பறந்து வந்து என் குல்லாயில் மோதியது. "பத்து எண்ணிட்டுச் சுண்டணும், அது வாயை மூட வேண்டாமா?" என்றார் மாமா. இரண்டாம் முறையும் நான் நான்குக்கு மேல் எண்ணவில்லை.

மூன்றாவது வீச்சில் தவளை குச்சியில் சிக்கிக்கொண்டது. நீ வாங்கி அனுப்பியதாயிற்றே, விட மனம் வரவில்லை. சேற்றுப் பட்டையின் மேல்பகுதி வெயிலில் காய்ந்து பொருக்கு தட்டி, வெடிப்பு விட்டு, தரை போலவே தெரிந்தது. ஐந்தாறு அடி தாங்கியது. அடுத்த அடியில் வலது கால் முழங்கால்வரை போனது. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன், அது தொடைவரை போனது. ஒரு காலை இழுக்க இழுக்க மறு கால் இறங்கியது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன், குதிகாலை ஊன்றி ஊன்றி என்னை நானே புதைத்துக்கொண்டிருந்தேன். நீர் எனக்கு ஆறடி தூரத்தில்தான் இருந்தது.

மாமா ஓடி வரவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஓடி வந்திருந்தால் இருவரும் சேற்றில் சிக்கி நின்றிருப்போம். "ஆட்டாதீங்க. அப்படியே மல்லாக்கச் சாயுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, கரையில் கவிழ்த்திருந்த பரிசலின் துடுப்பை எடுத்து, தான் குப்புறப் படுத்து நகர்ந்து வந்து, அதைக் குறுக்கே என் கைக்கு எட்டும்படி நீட்டினார். சாய்ந்து படுத்ததும் இறங்குவது நின்றது. காலைச் சிறிது சிறிதாக ஆட்டிச் சேற்றுக்குள் தண்ணீர் இறங்க வழிவிட்டு, அரை மணி நேரத்தில் வெளியே வந்தேன். எழுபதை நெருங்கும் இருவர் பல்லிபோல் வயிற்றால் ஊர்ந்து கரையேறியதைப் பரிசல்காரச் சிறுவன் ஒருவன் கைப்பேசியில் பிடித்துவிட்டான்; கெஞ்சி அழிக்க வைத்தோம்.

உன் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பொருக்குதான் நினைவுக்கு வந்தது. அங்கே உறுதியான பனி குறைந்தது 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், நாணற்புதர் ஓரத்திலும் ஓடை வந்து விழும் இடத்திலும் அது மெலிந்திருக்கும், பனித்தூள் மூடிய இடத்தில் கண்ணை நம்பக்கூடாது என்றெல்லாம் நீ என்னைவிட நன்றாக அறிவாய். என் கேள்வி ஒன்றுதான். உன் தோழியின் கழுத்தில் ஒரு கயிற்றில் இரண்டு கைப்பிடி ஆணிகள் தொங்குகின்றன; விழுந்தால் பனியில் குத்திப் பிடித்து ஏறுவதற்கானவை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உன் கழுத்தில் அது இல்லை. அவளிடம் கேட்டு ஒன்று வாங்கிக்கொள், அவள் வர இயலாத நாளில் ஏரிக்குப் போகாதே. முன்பு நான் சொல்லியிருந்தால் கிழவரின் பயம் என்று தள்ளியிருப்பாய்.

மீனைப் பற்றிச் சொல்லவில்லையே. நான் கொளத்தூரில் குளித்து, மாமாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் திரும்பிப் போய் அதே குச்சிக்குப் பக்கத்தில் ஒன்றரைக் கிலோ விரால் பிடித்து வந்தார். பத்து எண்ணினாராம். தவளையையும் மீட்டுவிட்டார்.

என் செருப்பு இரண்டும் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன. வழியில் ஒரு கோயில் வாசலில் காணாமல் போனதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டால் நீயும் அப்படியே சொல்.

அன்புடன்,
அப்பா