கேரளா பர்மிட் போடாத வேனும் ஆரியங்காவோடு நின்றுபோன எங்கள் ஓட்டமும்: புகார்

அனுப்புநர்:
இரவுத் தொடர் ஓட்டக் குழு ஒருங்கிணைப்பாளர்,
தென்காசி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடகை வேன் நிறுவனம், வண்ணார்பேட்டை,
திருநெல்வேலி.

பொருள்: பர்மிட் இல்லாத வண்டியை அனுப்பி எங்கள் போட்டியைக் கெடுத்ததும், வண்டி நின்ற நேரத்துக்கு வெயிட்டிங் சார்ஜ் போட்டதும் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பேசியே என் தொண்டை வற்றிவிட்டது. வாட்ஸப்பில் அனுப்பியதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒருவர் எடுத்து, "சொல்லுங்க சார், என்ன பிரச்சனை?" என்று முதலிலிருந்து கேட்கிறார். நானும் ராமாயணத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். இனிமேல் வாயால் சொல்வதாக இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டும்.

கடந்த ஜனவரியில் தென்காசியிலிருந்து கொல்லம் கடற்கரை வரை நடந்த இரவுத் தொடர் ஓட்டப் போட்டிக்காக உங்களிடம் ஒரு டெம்போ டிராவலர் பதிவு செய்தோம். சுமார் நூறு கிலோமீட்டர். அணிக்கு ஆறு பேர், ஒருவர் ஓடி முடித்ததும் கையில் மாட்டிய பட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுப்பார். மற்ற ஐந்து பேரும் வேனில் இருப்போம். செங்கோட்டை, புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போகும் வழியை உங்கள் ஆபீஸ் பையனிடம் ஊர் ஊராகச் சொன்னேன். "கேரளாவுக்குள்ள போற வண்டி, பர்மிட் முக்கியம்" என்று சொன்னதற்கு, "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம் சார், டெய்லி போற ரூட்டு" என்றார். பில்லிலும் "கேரளா பர்மிட்" என்று தனி வரி போட்டு 2,800 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். நகல் இணைத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டு வாடகை வண்டி மலை தாண்டிப் போனால் வரி கட்டிய சீட்டு கையில் இருக்க வேண்டும் என்பது புளியரையில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும். வண்டி வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் உங்களுக்குத் தெரியாதா?

எல்லை தாண்டிக் கேரளாவுக்குள் இருக்கும் ஆரியங்காவில் நள்ளிரவை ஒட்டி மோட்டார் வாகனத் துறையினர் கையைக் காட்டி நிறுத்தினார்கள். டிரைவர் அண்ணாச்சி டேஷ்போர்டைத் திறந்தார். புகைச் சான்றிதழ், பாதி தின்ற முறுக்குப் பாக்கெட், ஏதோ சபரிமலை டிரிப்பில் வாங்கிய பார்க்கிங் சீட்டு, எல்லாம் வந்த பிறகு நாலாக மடித்த ஒரு தாள் வந்தது. அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார். கேரளா வரி கட்டிய ரசீதுதான், தேதியும் சரிதான். வண்டி நம்பர் மட்டும் வேறு. உங்களுடைய இன்னொரு வேனுக்கு வரி கட்டி, அந்த ரசீதை எங்கள் வண்டியில் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்! அண்ணாச்சி முகம் வெளுத்துவிட்டது. "ஆபீஸ்ல போட்டாச்சுன்னு சொன்னாவ சார், நானும் நம்பித்தான எடுத்துட்டு வாரேன்" என்றார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு அன்றைய பேட்டாவைப் பிடித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது உண்மையானால் அதையும் திருப்பிக் கொடுங்கள்.

அந்த அதிகாரியையும் குறை சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "ஆபீஸ்காரங்ககிட்டச் சொல்லி ஆன்லைன்ல அடைக்கச் சொல்லுங்க, உடனே விட்டுடலாம்" என்றார். எங்கள் போனில் நெட் இல்லை, மலைக்குள் நாங்கள் நின்ற இடத்தில் பேசுவதற்கே ஒரு புள்ளிதான் சிக்னல். அந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு உங்கள் "24 மணி நேர" எண்ணை அழைத்தேன்.

இப்போது சொல்லப் போவதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். போனை எடுத்த உங்கள் ஊழியர் முதலில் "சிஸ்டத்துல பர்மிட் பச்சையாக் காட்டுது சார்" என்றார். நம்பர் மாறியிருக்கிறது என்று சொன்னேன். "அப்படி மாறாதே" என்றார். இரவுப் போட்டி, ஒவ்வொரு நிமிஷமும் எங்களுக்குக் கணக்கு, வேன் இல்லாமல் அடுத்த ஆள் ஓட முடியாது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அதற்கு அவர் கேட்டார்: "ஓடுறவங்கதான நீங்க? ஓடிப் போக வேண்டியதுதான, உங்களுக்கு எதுக்கு சார் வேன்?" பக்கத்தில் இன்னொருவர் சிரிக்கும் சத்தமும் கேட்டது. லைன் கட்டாகிவிட்டது. கட்டானதா, கட் செய்தாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

எதுக்கு வேனா? சொல்கிறேன். ஆரியங்காவிலிருந்து தென்மலை வரை காடு. அந்தப் பகுதியில் இரவில் ஓடுகிறவருக்குப் பின்னால் அணியின் வண்டி விளக்குப் போட்டு வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஓடக் கூடாது என்பது போட்டியின் விதி. தலையில் விளக்கும் முதுகில் சிவப்பு லைட்டும் போட்டுக்கொண்டாலும், வளைவில் எதிரே வரும் சரக்கு லாரிக்காரர் கண்ணுக்கு ஒற்றை ஆள் எவ்வளவு தெரிவார்? ஓடி முடித்தவர் ஈரச் சட்டையை மாற்றுவது வேனில். வாழைப்பழம், உப்புக் கரைசல், கடலைமிட்டாய் எல்லாம் வேனில். அரை மணி நேரம் கண்ணை மூடுவதும் அங்கேதான். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 1982 முதல் நடக்கும் ஹூட் டு கோஸ்ட் தொடர் ஓட்டத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு அணிக்கு இரண்டு வேன்கள். சுமார் 320 கிலோமீட்டரை 36 துண்டாகப் பிரித்து, ஆறு பேர் ஓடும்போது மற்ற ஆறு பேர் இன்னொரு வேனில் ஓய்வெடுப்பார்கள். ஓடுகிறவனுக்கு வேன் எதற்கு என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இதை அந்த ஊழியருக்குப் படித்துக் காட்டுங்கள்.

எஸ் வளைவு ஏற்றத்தை ஓடி முடித்தது எங்கள் அணியின் ஒரே பெண், புனலூரில் நர்ஸாக வேலை பார்க்கும் தங்கச்சி. நாங்கள் கணக்குப் போட்டதைவிட வேகமாக ஏறி வந்தாள். வந்த வேகத்தில் கைப்பட்டையைக் கழற்றி நீட்டினாள். வாங்க ஆள் இருந்தது, ஓட வழியில்லை. அடுத்து ஓட வேண்டிய பி.டி. வாத்தியார் உடம்பைச் சூடேற்றி, ஷூ கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டுத் தயாராக நின்றார். நேரம் போகப் போக, பேட்டரி தீர்ந்துவிடும் என்று தலை விளக்கை அணைத்தார். அப்புறம் ஸ்வெட்டரை எடுத்து மாட்டினார். அப்புறம் உட்கார்ந்தே விட்டார். மலைக்காற்றில் உட்கார்ந்தால் கால் மரக்கட்டையாகிவிடும், அது அவருக்கே தெரியும். எங்களுக்குப் பின்னால் வந்த அணிகள் ஒவ்வொன்றாக, முதுகில் சிவப்பு லைட் மினுக்க, தங்கள் வண்டியோடு எங்களைத் தாண்டிப் போயின. பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்டுவிட்டு, அடுத்தடுத்த இலைக்கு மட்டும் பரிமாறிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி இருந்தது எங்களுக்கு.

இதற்கிடையில் ஒரு குறுஞ்செய்தி. "உங்கள் பயணம் இனிதே நிறைவுற்றது. ஐந்து நட்சத்திரம் தந்து எங்களை ஊக்குவியுங்கள்." நான் வண்டிக்கு வெளியே, ரோட்டோரம், கொசுக்கடியில் நிற்கிறேன்.

தென்மலையை அதிகாலை 3 மணிக்குள் தாண்டாத அணி போட்டியில் இல்லை. 4 மணிக்கு மேல் உங்கள் எண்ணில் வேறொருவர் எடுத்தார். "ஸாரி சார், நம்பர் மாத்தி அடிச்சிருக்காங்க" என்றார். ஐந்தே நிமிஷத்தில் வரி கட்டிவிட்டார், வண்டியை விட்டுவிட்டார்கள். ஐந்து நிமிஷ வேலை ஐயா! அதை நள்ளிரவிலேயே செய்திருந்தால் நாங்கள் விடியும் நேரத்துக்குக் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தையும் கடந்து, 1877-இல் கட்டிய புனலூர் தொங்குபாலத்துக்கே போய்ச் சேர்ந்திருப்போம். அங்கே எங்களை வரவேற்கத் தங்கச்சியின் வீட்டார் விடியுமுன்னே புட்டும் கடலையும் கட்டிக்கொண்டு வந்து காத்திருந்தார்கள். வேனில் உட்கார்ந்தபடி போய் அதை வாங்கிச் சாப்பிட எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கொல்லம் கடற்கரைக்குப் போகவே இல்லை, திரும்பிவிட்டோம்.

அது போகட்டும் என்று விட்டிருப்பேன். உங்கள் இறுதி பில் வந்தது. "இரவு வெயிட்டிங் சார்ஜ்" என்று ஒரு வரி! உங்கள் தப்பால் வண்டி நின்ற நேரத்துக்கு, நின்றுகொண்டிருந்த எங்களிடமே கூலி. முன்பணத்திலிருந்து கழித்தும்விட்டீர்கள். இதைப் போட்டவர் யார் என்று நேரில் பார்க்க வேண்டும் என்றே வண்ணார்பேட்டைக்கு வந்தேன். கடையைப் பூட்டிவிட்டு, தென்காசியிலிருந்து பஸ் ஏறி, நல்ல வெயிலில். அதுவும் நீங்களே வரச் சொன்ன நாளில்! டயர் கடை மாடியில் உங்கள் ஆபீஸ். "மேனேஜர் மதுரைக்குப் போயிட்டாரு, இதுல எழுதிட்டுப் போங்க" என்று ஒரு நோட்டைத் தள்ளினார்கள். நூலில் கட்டிய பேனா, அதுவும் எழுதவில்லை. என் பேனாவை எடுத்து எழுதும்போது மேலே இருந்ததைப் படித்தேன். குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போன ஒருவர் ஏ.சி. வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறார். அதற்கு மேல் ஒருவர், அதற்கும் மேல் ஒருவர். ஒன்றுக்கும் பதில் இல்லை, ஒரு கையெழுத்துக்கூட இல்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவும் அங்கே ஆளில்லை.

பிறகு போனில் ஒரு "தீர்வு" வந்தது. அடுத்த சபரிமலை டிரிப்பில் 500 ரூபாய் தள்ளுபடியாம். ஐயப்பன் என்னை மன்னிக்கட்டும், உங்கள் வண்டியில் ஏறி நான் மலைக்குப் போவதாக இல்லை.

ஒரு வருஷ உழைப்பு இது. வேலைக்குப் போகிறவர்கள் விடிகாலை எழுந்து இலஞ்சி ரோட்டிலும் குண்டாறு அணைப் பக்கமும் ஓடிப் பழகியது. இறக்கத்தில் தொடை கிழியும் என்பதற்காகவே புளியரைக்குப் போய் ஏறி இறங்கியது. நுழைவுக் கட்டணம், ஷூ, விளக்கு, லீவு போட்டதில் போன சம்பளம் எல்லாம் போச்சு. எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. பி.டி. வாத்தியார் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறார். இதற்கெல்லாம் விலை போட்டால் உங்கள் வண்டியையே எழுதிக் கொடுத்தாலும் காணாது.

இருந்தாலும் நியாயமாகவே கேட்கிறேன். வாடகை முழுவதும், பர்மிட்டுக்கு வாங்கிய 2,800 ரூபாயும், வெயிட்டிங் சார்ஜும், அணியின் நுழைவுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம். "எதுக்கு சார் வேன்?" என்று கேட்டவரிடமிருந்து மன்னிப்பு, எழுத்தில். உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே முதலில் ஒரு குரல் போடுகிறீர்கள். அந்தப் பதிவை எடுத்து ஒரு தடவை நீங்களே கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண் அந்த ரோட்டில் ஈரச் சட்டையோடு நின்றிருந்தால் சிரித்திருப்பீர்களா?

உங்கள் நிறுவனத்தின் பெயரைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. இந்தப் பக்கத்தில் கல்யாணம், கோயில் என்று பலர் உங்கள் வண்டியைத்தான் எடுக்கிறார்கள், நானும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் பகுதிக்கு உரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் மாடிப்படி ஏற வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷ அவகாசம் இருக்கிறது. வேறு வண்டி நம்பர் போட்ட அந்த ரசீதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கட்டத்துக்குப் போக விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். பணத்தை நான் முன்பணம் அனுப்பிய அதே கணக்குக்கே அனுப்பலாம். பதிலை எழுத்தில் மட்டும் தாருங்கள். போன் வேண்டாம், எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
குழு ஒருங்கிணைப்பாளர்,
ஆறு பேர் சார்பாக.

இணைப்பு: பில் நகல், தவறான எண் உள்ள வரி ரசீதின் படம், ஐந்து நட்சத்திரம் கேட்ட குறுஞ்செய்தியின் படம்.