கணக்கைத் திறக்கச் சொன்னவர்கள் யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வங்கிச் சேவைகள் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பெயர் குறிப்பிடாத வங்கி அதிகாரி ஒருவரின் கருத்தாக ஒரு வசனம் வருகிறது. வன்னி மக்களுக்கு நிதியறிவு போதாதாம். கணக்கிலிருந்து கட்டணம் வெட்டுவது பற்றி அடிக்கடி முறைப்பாடு வருவதற்கு அதுதான் காரணமாம். கட்டுரையாளர் அதை அப்படியே எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார். மறுத்து ஒரு சொல் இல்லை. நெடுங்கால வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வசனம் அன்றிலிருந்து என் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

நான் உப தபாலதிபராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகங்களில் வைப்பும் மீளப்பெறலும் எழுதி முத்திரை குத்திய கை இது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேமிப்பு முத்திரைகளை அட்டையில் ஒட்டி நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஒரு முத்திரை கோணலாக ஒட்டுப்பட்டிருந்தால், ஏற்றுக்கொள்வோமோ மாட்டோமோ என்று பயந்துபோய் நிற்பார்கள். அவர்களின் தாய்மார் விதைநெல்லுக்கு இவ்வளவு, பிள்ளையின் கொப்பிக்கு இவ்வளவு, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இவ்வளவு என்று காசைத் தனித்தனியே முடிந்து வைத்தவர்கள். ஒரு சதத்துக்கும் கணக்குச் சொல்லக்கூடியவர்கள். இவர்களுக்கா நிதியறிவு இல்லை?

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவரின் பெயரும் வேண்டாம், வங்கியின் பெயரும் வேண்டாம். கணவர் இல்லை. மகன் வெளியூரில் கூலிவேலை. முதியோர் கொடுப்பனவுக் காசு விழும் கணக்கொன்று அவருக்கு உண்டு. ஒருநாள் புத்தகத்தைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, நான் எடுக்காத காசு குறையுது. ஒருக்காப் பாருங்கோ" என்றார். புத்தகத்தைப் பார்த்தால், வரவு ஒரு வரி. அதற்குக் கீழே வெட்டு, வெட்டு, வெட்டு. எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்கி அச்சடித்தவை. தபாலகத்தில் வாழ்நாளைக் கழித்த எனக்கே அவை பிடிபடவில்லை. அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள். அவளில் எனக்குக் குறை இல்லை. "அம்மா, அது சிஸ்டம் தானா வெட்டுறது. நாங்கள் கை வைக்கிறேல்லை" என்றாள். எதற்கு வெட்டுகிறது என்று விடாமல் கேட்ட பிறகு விவரம் வந்தது. ஒன்று, ஏ.ரி.எம். அட்டைக்கான வருடக் கட்டணம். அக்கா அந்த அட்டையைக் கண்ணாலும் கண்டதில்லை. அது கடித உறை பிரிக்கப்படாமல் வங்கி லாச்சிக்குள்ளேயே கிடந்தது. இன்னொன்று, மீதி குறைந்ததற்கான கட்டணம். மற்றையது எஸ்.எம்.எஸ். கட்டணம். கணக்குத் திறந்தபோது கொடுத்தது மகனின் பழைய தொலைபேசி இலக்கம். அந்த சிம் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. ஆக, அக்காவின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரோ ஓர் அந்நியருக்கு அறிவித்து, அதற்கான கூலியை அக்காவிடமே இத்தனை காலமும் அறவிட்டிருக்கிறார்கள்.

அங்கேயே ஒரு தாள் வாங்கித் தமிழில் முறைப்பாடு எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால் கொழும்புக்கு அனுப்ப வசதி என்றார்கள். தமிழில்தான் தருவேன் என்று நின்றேன். கடைசியில் முகாமையாளர் உள்ளே கூப்பிட்டு, அட்டைக் கட்டணத்தை மட்டும் திருப்பி வைப்பதாகச் சொன்னார். மற்றவை விதிப்படி எடுத்தவையாம். எழும்பி வரும்போது, "ஐயா, உங்களுக்காகத்தான் செய்து தாறன். இதை ஊருக்குள்ள சொல்லித் திரியாதேங்கோ. எல்லாரும் வரத் தொடங்கினால் எங்களாலை ஏலாது" என்றார்.

ஆசிரியர் அவர்களே, நான் இதை எழுதுவதற்கு அந்தப் பேச்சே போதும். எல்லாரும் வந்தால் ஏலாத அளவுக்கு இந்த வெட்டு எல்லாருடைய புத்தகத்திலும் இருக்கிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். கேட்டவருக்குத் திரும்பக் கிடைக்கும், கேட்கத் தெரியாதவருக்குப் போனது போனதுதான் என்றால் அது என்ன விதி?

வன்னியில் ஒவ்வொரு குடும்பத்திடமும் இத்தனை வங்கிப் புத்தகங்கள் எப்படி வந்தன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2009 இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமின் முட்கம்பிக்குள் எங்களை அடைத்து வைத்திருந்தபோது வங்கிகள் அங்கேயே தேடி வந்தன. மீள்குடியேறப் போனபோது, தங்குமிட உதவியாக ஐ.நா. அகதிகள் முகவரகம் தந்த 25,000 ரூபாய்க்கும் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும் என்றார்கள், திறந்தோம். இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் கட்டம் கட்டமாக வந்தது. அதற்கும் கணக்கு. பிறகு உர மானியம், அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு, முதியோர் கொடுப்பனவு. அந்தந்தத் திட்டத்துக்குச் சொன்ன வங்கியில், சொன்ன நாளில் வரிசையில் நின்று திறந்தோம். எந்த வங்கி நல்லது என்று தெரிந்தெடுக்க எங்களை யாரும் விடவில்லை. திட்டம் முடிந்த பிறகு கணக்கில் மிஞ்சிய ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டணத்திலேயே கரைந்து போகிறது. எங்களைக் கொண்டு கணக்கைத் திறப்பித்துவிட்டு, அதில் காசு போதாது என்று தண்டம் அறவிடுகிறவர்கள்தான் நிதியறிவு பற்றியும் எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

அடகு வைத்த நகையை இழந்தவர்கள் நாங்கள். புலிகளின் காலத்தில் அவர்கள் நடத்திய வங்கியான வைப்பகத்தில் வைத்த தாலிக்கொடிக்கும் காப்புக்கும் துண்டு வைத்திருக்கும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். இறுதிப் போரில் மீட்ட தங்கத்தை 2025 மே மாதம் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது என்று செய்தி வந்தபோது, அந்தத் துண்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. யாரிடம் காட்டுவது என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

போர் முடிந்த பிறகு ஏ9 வீதியோரம் முழுக்க லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வந்து குந்தின. கிழமைக்கு ஒருநாள் கடன்காரப் பொடியன் படலையில் வந்து நிற்க, பெண்பிள்ளைகள் கொல்லைப்புறத்தால் ஒளித்தோடிய காலத்தை இந்தக் கண்களால் கண்டேன். 2018 இல் அரசாங்கமே தலையிட்டு, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் போட்டது. 35 வீதம்தான் சலுகை என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போதும் பழி எங்கள் பெண்களின் அறியாமை மீதுதான் விழுந்தது.

வைப்புக்கு வரும் வட்டியில் பிடிக்கும் வரியும் இருக்கிறது. அது வங்கியின் கட்டணமல்ல, அரசாங்கத்தின் வரி என்பது எனக்குத் தெரியும். 2023 ஜனவரியில் 5 வீதமாகத் தொடங்கியது, 2025 ஏப்ரலில் 10 வீதமாகியது. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்க மாட்டார்கள். வன்னியில் வைப்பு வைத்திருக்கும் முதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் இதற்கு உரியவர்கள். என் வைப்பைப் புதுப்பிக்கப் போனபோது கையொப்பமிடச் சொல்லிப் பத்துத் தாள் நீட்டினார்கள். அந்தப் படிவம் மட்டும் அதில் இல்லை. நானாகக் கேட்ட பிறகுதான் உள்ளே போய் எடுத்து வந்தார்கள்.

விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உரிமம் பெற்ற வங்கிகளுக்கான வாடிக்கையாளர் சாசனத்தை மத்திய வங்கி 2011 இலேயே கொண்டுவந்துவிட்டது. 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. கட்டணத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டும், வாடிக்கையாளருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும், முறைப்பாட்டை ஏற்று விசாரிக்க வேண்டும் என்பவை எல்லாம் கொழும்பில் எழுதியாகிவிட்டன. எங்கள் கிளையிலும் கட்டணப் பட்டியல் ஒன்று சுவரில் தொங்குகிறது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பெரிய பூச்சாடி ஒன்றுக்குப் பின்னால். கண்ணாடி போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தும் என்னால் வாசிக்க முடியவில்லை.

அக்காவின் எஸ்.எம்.எஸ். காசு இன்னும் திரும்பவில்லை. அதற்காக மத்திய வங்கிக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை விடப்போவதில்லை. பஸ் காசு அந்தக் கட்டணத்தைவிட அதிகம், விட்டுவிடுங்கள் என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பஸ் காசை எண்ணிப் பார்த்துத்தானே அவர்களும் துணிந்து வெட்டுகிறார்கள்!

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. வங்கிகள் கட்டணப் பட்டியலைத் தமிழில், பெரிய எழுத்தில், காசு கொடுக்கும் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். முறைப்பாட்டை முதலில் வங்கிக் கிளையில் எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்க வேண்டும். அங்கே தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். இதை ஞாயிறு பதிப்பில் ஒரு மூலையில் கட்டம் போட்டுச் சில வாரங்களுக்கு வெளியிட்டால், வெட்டியெடுத்து எங்கள் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவேன்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள், அந்த இலக்கத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
துணுக்காய்.