அடுப்படி வரை வரும் ‘கட்டாயச் சோதனை’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் இடைப்பட்ட எங்கள் சிற்றூரில், சமையல் எரிவாயு இணைப்பைச் சோதிக்க வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வீடு வீடாக ஏறிப் பணம் வாங்கிச் செல்கிறவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற வாரம் என் அக்கா வீட்டுக்கு அப்படி இருவர் வந்தார்கள். அக்காவுக்கு 68 வயது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அத்தானோ அறுத்த சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, எடை போடும் முறை வரும்வரை அங்கேயே காவல் கிடந்தார். மாசி மாதத்துப் பகல் இரண்டு மணிக்கு எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் மட்டுமே இருப்பார்கள் என்பது வந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒரே நிறத்தில் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் ரசீதுப் புத்தகம். “கேஸ் ஆபீஸ்லேர்ந்து வர்றோம்மா. கட்டாயச் சோதனை. பண்ணலேன்னா அடுத்த சிலிண்டர் புக் ஆகாது” என்று சொல்லிக்கொண்டே ஒருவர் நேராக அடுப்படிக்குப் போய், ரப்பர் குழாயை வளைத்துப் பிடித்து, “வெடிப்பு விட்டிருக்கு, பாருங்கம்மா” என்று காட்டியிருக்கிறார். கண்ணாடி போடாத அக்காவுக்கு வெடிப்பும் தெரியவில்லை, வெடிப்பு இல்லை என்று சொல்லத் துணிவும் வரவில்லை. பத்தே நிமிடத்தில் குழாயும் ரெகுலேட்டரும் மாற்றப்பட்டன. அறுப்பு இயந்திரத்துக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 1,850 ரூபாய் போயிற்று.

பழைய குழாயையும் அவர்கள் எடுத்துப்போகப் பார்த்தார்கள். கொல்லையில் எதற்காவது ஆகும் என்று அக்கா அதை மட்டும் விடாமல் வாங்கி வைத்துக்கொண்டார். அன்று மாலை நான் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறக் குழாயின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும், எந்த ஆண்டு வரை பயன்படுத்தலாம் என்பதும் அச்சாகியிருந்தன. கெடு முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. வெடிப்பு எங்கும் இல்லை. புதிதாக மாட்டிய குழாயில் முத்திரையும் இல்லை, ஆண்டும் இல்லை. ரசீதில் எண்ணெய் நிறுவனத்தின் பெயரைப் போலவே ஒலிக்கும் ஒரு பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் இருந்தனவே தவிர, முகவரியோ ஜி.எஸ்.டி. எண்ணோ இல்லை. அந்தக் கைப்பேசி அன்று முதல் அணைந்தே கிடக்கிறது.

இவர்கள் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை எரிவாயு இணைப்பைச் சோதிக்க வேண்டும் என்ற விதி உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதை நம் ஏஜென்சியின் மெக்கானிக்தான் செய்ய வேண்டும். ஏஜென்சி பெயரில், நம் நுகர்வோர் எண்ணைக் குறிப்பிட்டு ரசீது தர வேண்டும். அதைவிட முக்கியமானது ரெகுலேட்டர். அது வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு ஏஜென்சி நமக்குக் கொடுத்து வைத்திருக்கும் பொருள். வாசலில் நின்று ரெகுலேட்டர் விற்கிறவர் யாராக இருந்தாலும், அந்த ஒன்றை வைத்தே அவர் ஏஜென்சியிலிருந்து வந்தவர் அல்லர் என்று முடிவு கட்டிவிடலாம். ஆதார் கைரேகைப் பதிவு செய்யாவிட்டால் மானியம் நின்றுவிடும் என்று சொல்லிப் பணம் கேட்பதும் இதே வகைதான். அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது.

மறுநாள் காலை ஏஜென்சிக்குப் போய்ச் சொன்னபோது, தாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்று அங்கிருந்தவர் கூறினார். அதோடு, “மூணு நாளைக்கு முன்னாடி மேலத் தெருவுலேர்ந்தும் ஒருத்தர் வந்து இதையேதான் சொன்னாரு சார்” என்றார். எனக்குப் பணம் போனதைவிட இதுதான் அதிகம் வலித்தது. மூன்று நாள் முன்பே தெரிந்த செய்தி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. சொத்து வரி கட்டச் சொல்லிப் பேரூராட்சி ஆட்டோ ஒலிபெருக்கியோடு தெருத் தெருவாகச் சுற்றுகிறது. சிலிண்டர் கொண்டுவரும் தம்பி மாதம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கிறார். ரேஷன் கடைச் சுவரில் பலகை இருக்கிறது. இவற்றில் ஒன்றின் வழியாவது அந்த மூன்று நாளுக்குள் ஒரு வரி வந்திருந்தால் அக்கா கதவைத் திறந்திருக்க மாட்டார்.

காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். “இந்தப் பணத்துக்காகவா ஸ்டேஷன் வாசப்படி ஏறணும்?” என்று அக்கா மறுத்துவிட்டார். இப்படி மறுத்த வீடுகள் எத்தனையோ. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை என்பதை நான் அறிவேன். ஆனால் பெயரும் முகவரியும் இல்லாத ஒருவர் மீது ஆணையத்தில் எப்படி வழக்குப் போடுவது? ஆகவே காவல் நிலையத்தில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் ஏமாந்தவர்கள் சேர்ந்து கொடுத்தால்தான் அது எடுபடும். முகவரியுள்ள கடைகளைப் பற்றிய குறைகளுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எரிவாயுக் கசிவுக்கு 1906 என்ற எண்ணை இரவிலும் அழைக்கலாம். சந்தேகமாக யாராவது வந்தால், வாசலிலேயே நிறுத்திவிட்டு, எரிவாயுப் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி எண்ணுக்குப் பேச வேண்டும். வந்தவர் அழைத்துக் கொடுக்கும் எண்ணில் பேசக் கூடாது.

தங்கள் மாவட்டப் பக்கத்தில் கோயில் திருவிழாவும் கட்சிக் கூட்டமும் தவறாமல் வருகின்றன; அவற்றை நானும் விரும்பிப் படிக்கிறவன்தான். அவற்றுக்குப் பக்கத்தில் இதுபோன்ற எச்சரிக்கைக்கு நான்கு வரிப் பெட்டிச் செய்தி ஒன்றை ஒதுக்க வேண்டுகிறேன். அதே இருவரை நேற்று பக்கத்து ஊரில் பார்த்ததாகப் பால்காரர் சொன்னதால், காலம் தாழ்த்தாமல் வந்தால் நல்லது.

ஏஜென்சி மெக்கானிக் வந்து அக்கா வீட்டில் பழைய குழாயையே சோதித்து மீண்டும் மாட்டிக் கொடுத்துவிட்டார். பழைய ரெகுலேட்டரை வந்தவர்கள் கொண்டுபோய்விட்டதால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. முத்திரையில்லாத அந்தக் குழாயும் ரசீதும் என்னிடம் இருக்கின்றன. தங்கள் செய்தியாளர் வந்தால் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திருவாரூர் மாவட்டம்