மூடியின் நிறத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

டெல்டா மாவட்ட மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கு முதல் வாரமே இன்சுலின் சிரிஞ்சைக் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். மி.லி.க்கு 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை சரிந்து நோயாளி நினைவிழக்கலாம். குப்பியையும் சிரிஞ்சையும் இன்னொரு செவிலியர் தானாகப் படித்துப் பார்க்கட்டும், "சரிதானே?" என்று கேட்டுத் தலையாட்ட வைப்பது சரிபார்ப்பு ஆகாது.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை, காய்ச்சி வடித்த நீர் ஆம்பூலோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். மாற்றி எடுத்து, பொட்டாசியத்தை நீர்க்காமல் நேரே ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம்.

மருந்து கொடுக்கும் நேரத்தில் டிஸ்சார்ஜ் சீட்டு கேட்டுக் கூப்பிடுவதை உறவினர்கள் தவிர்க்கலாம்; டாக்டர்களும்தான்.

– செவிலியர் பயிற்றுநர்கள், கும்பகோணம்