கணவரிடமும் கேளுங்கள்: குடும்ப நல இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடும்ப நல இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இறுதியில் ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை சிகிச்சைக்கென இருவார விழிப்புணர்வுப் பிரச்சாரம் நடக்கிறது. பிரச்சார வாகனம் புறப்படுகிறது, துண்டறிக்கைகள் விநியோகிக்கப்படுகின்றன, ஊக்கத்தொகையும் அறிவிக்கப்படுகிறது. ஆனால், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் தாங்களே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்க, கணவர் செய்துகொண்ட தம்பதியர் வெறும் 0.1 விழுக்காடுதான்.

ஆண்மை போய்விடும் என்ற அச்சமே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த அச்சம் இல்லையென்று நான் சொல்லவில்லை. அது மட்டுமே காரணமென்றால் வரலாறு வேறுவிதமாக இருந்திருக்கும். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி எனப்படும் ஆண் கருத்தடை சிகிச்சை செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தின் 1976-77இல் நடந்த எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை சிகிச்சைகளில் பெரும்பகுதி ஆண்களுக்கே, அதுவும் பல இடங்களில் வற்புறுத்தியே, செய்யப்பட்டது. அதன்பின் ஆட்சிக்கு வந்தவர்கள் ஆண்களை மறுபடி அதே முனைப்போடு அணுகத் துணியவில்லை. சுமை முழுவதும் எதிர்ப்புக் குரல் எழாத பெண்களின் பக்கம் நகர்ந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டுப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தது அந்த நகர்வின் கடைக்கோடி.

மெக்சிகோவின் வஹாக்காவில் வாசக்டமி செய்துகொண்ட ஆண்களோடு நீண்டகாலம் பழகி ஆய்வு செய்த மானிடவியலாளர் மாத்யூ குட்மன், ஆண்மை குறித்த பெருமிதத்தைவிட மனைவி பிரசவத்திலும் கருத்தடையிலும் பட்ட வேதனையையே அவர்களில் பலர் காரணமாகச் சொன்னதைப் பதிவு செய்கிறார். ஆண் என்றாலே இப்படித்தான் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடும் சுகாதாரத் திட்டங்கள், அவனை அணுகும் வழியையே அடைத்துவிடுகின்றன என்பது அவருடைய வாதம். நம் ஊர்களிலோ தடையாக இருப்பவர் பல வேளைகளில் கணவர் அல்லர். மூட்டை தூக்கிப் பிழைப்பவரின் உடம்பு கெட்டால் குடும்பம் என்னாவது என்று மனைவியும் மாமியாருமே மறுக்கிறார்கள். சிகிச்சை தோற்று மனைவி கருவுற்றால் ஊரார் அவள்மீது சந்தேகப்படுவார்கள் என்ற பயமும் உண்டு. சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம் வேறு கருத்தடை முறையைப் பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னாலே இந்தப் பயம் பெருமளவு குறையும். துண்டறிக்கைகளில் அது பெரும்பாலும் கடைசி வரியாகவே இருக்கிறது.

இதைவிட முக்கியமானது, யாரிடம், எப்போது கேட்கிறோம் என்பது. இரண்டாவது பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம், அறுவை அரங்கு பக்கத்திலேயே இருக்கும் வசதியில், ஒப்புதல் பெறப்படுகிறது. வராந்தாவில் காத்திருக்கும் கணவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. கேட்கப்படாதவர் மறுத்தார் என்று கணக்கெழுதுவது நியாயமாகுமா?

ஆகவே, இரு மாவட்டங்களையேனும் தேர்ந்து, சென்னைப் பல்கலைக்கழக மானிடவியல் துறை போன்ற ஒரு துறையிடம் ஓராண்டு களஆய்வை ஒப்படைக்குமாறு வேண்டுகிறேன். வினாத்தாள் நிரப்பும் கணக்கெடுப்பாக அல்லாமல், சிகிச்சை செய்துகொண்ட ஆண்களோடும் மறுத்தவர்களோடும் அவர்கள் வீட்டுப் பெண்களோடும் கிராம சுகாதாரச் செவிலியர்களோடும் தங்கிப் பேசும் ஆய்வாக அது இருக்க வேண்டும். அதுவரை, கருவுற்ற தாயின் பரிசோதனைக்குக் கணவரும் வரும் நாளில் இருவரிடமும் சேர்ந்து பேசும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். இதற்கும் இலக்கு எண் நிர்ணயித்துவிடாதீர்கள்; இலக்கு எண்ணைத் துரத்தி 1976இல் நடந்தது என்னவென்று உங்கள் துறைக்குத் தெரியும்.

இங்ஙனம்,
மானிடவியல் ஆய்வாளர் ஒருவர்,
மதுரை